லோரோங் கூலிட்டில் ஒரு தலைக்கவசம்

ஞாயிறு காலை, லோரோங் கூலிட் சந்தை.
நின்றுபோன கடிகாரம், ஒற்றைச் சப்பாத்து, மிக்சி மூடிகள்,
நடுவே மஞ்சள் தலைக்கவசம் ஒன்று
மல்லாந்து கிடந்தது.
நாளைக்குக் கூரைத் தகரம் மாற்றணும்.
என் வீடு, என் ஏணி, என் தலை;
ஏன் போடவில்லை என்று கேட்க
சூப்பர்வைசர் கிடையாது.

பதினைந்து வெள்ளி என்றார் பாக்சிக்.
கையில் எடுத்தேன்.
நெற்றிப் பட்டையில் யாருடைய உப்போ
வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.
உள்ளே மார்க்கரில் ஒரு பெயர்.
வங்காளமோ, நேபாளமோ,
கொடியில் காயப்போட்ட துணிபோல்
ஒரு கோட்டில் தொங்கும் எழுத்துகள்.

இரு பக்கமும் அழுத்தினேன்.
ஓட்டுக்குள் சின்ன முனகல்.
உச்சியில், நகத்துக்கு மட்டும் தட்டுப்படும்
மயிரிழை விரிசல்.

"கீறல்தான். பன்னிரண்டு."
"விழுந்ததா?"
"எது, தொப்பியா?"
பத்து. எட்டு.
விலை இறங்க இறங்க
எனக்கு உயரம் தெரிந்தது.

ஜெலுத்தோங் ஹார்ட்வேர் கடையில்
புதுசு நாற்பத்தாறு வெள்ளி.
தாடைப் பட்டையை இறுக்கி
குனிந்து தலையை உலுக்கினேன், அசையவில்லை.
கல்லாவில் இருந்த சூ லிங் சிரித்துவிட்டாள்.

மார்க்கரும் ஒன்று வாங்கினேன்.
மூடியை
இன்னும் திறக்கவில்லை.