பதினேழாம் கேள்வி

மாங்குளத்தில் றோட்டுப் போட்ட சீனர் போனபின்
பழைய தகரங்களோடு வந்தது
இந்த இலக்கணப் புத்தகம்.
விளக்கம் சீனம், கேள்வி ஆங்கிலம்.

ரோலர் ஓட்டின லியூவினுடையதாம்.
ஊரில் பள்ளி முடிக்கிற சோதனையை
இரண்டுதரம் கோட்டை விட்டவன் என்கிறா
அவங்களுக்குச் சமைத்த யோகமலரன்ரி.

எனக்கு டிசம்பரில் ஓ.எல்.
பின்பக்க விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்:
அவனுக்கு நாற்பதுக்குப் பத்தொன்பது.
எனக்கு இருபது.

பதினேழு:
'அப்பா திங்கள் தொட்டு…'
'ஹாஸ் பீன்' மட்டும் கொப்பியில் எழுதினேன்,
மிச்சம் வரவில்லை.

அவன் அந்தக் கீறிட்ட இடத்தில்
எழுதி எழுதி அழித்து
தாளையே ஓட்டையாக்கியிருக்கிறான்.
ஓட்டைக்குள்ளால்
அடுத்த தாளின் வாசிப்புப் பந்தி.
நாலெழுத்துத் தெரிகிறது: ரெயின்.

மழையோ,
தலையெழுத்து மறைந்த
கோச்சியோ.