இருபத்திரண்டு விநாடி

வலது முகப்பு விளக்குக்குள்
மூன்று நாளாய் ஒரு மேகம்.
மழை விட்டும் கலையவில்லை.
துடைக்கலாம் என்றால்
ஈரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

ஓசூர் சர்வீஸ் சென்டரில்
டை கட்டிய பையன்
விரலை மட்டும் வைத்துப் பார்த்தான்.
"சீல்டு யூனிட் மேடம். திறக்க வராது.
முழுசா மாத்தணும். பதினெட்டாயிரத்து நானூறு."
திறக்க வராது என்று
என்னிடம் சொல்கிறான்.

ஒட்டுகிறவளே நான்தான்.
லைன் மூன்று, ஏழாவது ஸ்டேஷன், பி ஷிப்ட்.
பள்ளத்தில் கறுப்புப் பசை ஓடிவரும்,
மூடியை வைப்பேன்,
இருபத்திரண்டு விநாடி அழுத்தும் இயந்திரம்.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் விளக்கு, கொஞ்சம் குறைய.
திறப்பதற்குப் பயிற்சியில் பாடம் கிடையாது.
கோணலாய் ஒட்டியது சிவப்புத் தொட்டிக்குப் போகும்,
அங்கிருந்து அரவைக்கு.

திம்மராயன் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுத்
தக்காளி ஏற்றுகிறவன்.
விடிகாலை மூன்றுக்கு ராயக்கோட்டை மண்டி.
ஒற்றைக் கண்ணோடுதான் போய் வந்தான் அந்த வாரம்.
"பதினெட்டாயிரம்னா எத்தனை பெட்டி தெரியுமா?"
"நேத்து விலைக்கா, இன்னிக்கு விலைக்கா?" என்றேன்.
அதற்கப்புறம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
பக்கத்து வீட்டு ஷமீமிடம் பிரியாணி அண்டா வாங்கினேன்.
அடியில் மணல், மணல்மேல் தட்டு,
தட்டின்மேல்
பல்பும் ஒயரும் உருவிய விளக்கு.
பசை இளகுவது எத்தனை டிகிரியில் என்று தெரியும்.
பிளாஸ்டிக் நெளிவது எத்தனையில் என்றும் தெரியும்.
இரண்டுக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் இடம்,
எங்கள் கேஸ் அடுப்புக்கு
அந்தக் கொஞ்சம் தெரியாது.

வாசலில் வந்து நின்றாள் ஷமீம்.
"கேக்கா அக்கா?"
"கார்" என்றேன்.

சந்தில் ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொடுத்தேன்.
கம்பிப் பதத்தில் நூலிழுத்தது பசை.
ஒரு மூலை, இன்னொரு மூலை,
அப்புறம் சட்டென்று
வாய் திறந்தது.

உள்ளே:
ஒரு கரண்டித் தண்ணீர்.
சிறகு ஒட்டிச் செத்த ஈசல் ஒன்று.
கீழ் விளிம்பில் ஒரு கடுகு அளவு
பசை ஓடாத இடம்.
பக்கத்திலேயே அச்சு எண்.
லைன், ஷிப்ட், நாள்
மூன்றையும் அதில் படிக்க எனக்குத் தெரியும்.
கட்டைவிரலால் மூடிக்கொண்டு
துணியால் ஈரத்தை ஒற்றினேன்.

புதுப் பசை வைத்து மூடியபோது
அழுத்த இயந்திரம் இல்லை. திம்மராயன்
முழங்காலைப் போட்டு அழுத்தினான்.
நான் எண்ணினேன்.
பதினேழில் "போதுமா?" என்றான்.
"இன்னும் அஞ்சு."

மேகம் போய்விட்டது.
மேல் மூலையில் மட்டும் சூட்டில் சுருங்கிய ஒரு நெளிவு.
வெளிச்சம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது,
சாலையைவிட
ஓரத்துப் புளியமரங்களை நன்றாகக் காட்டுகிறது.
"மரத்தையெல்லாம் இப்பதான் பாக்கறேன்" என்றான்,
திட்டினானா
மெச்சினானா தெரியவில்லை.

திங்கள், பி ஷிப்ட்.
முதல் மூடியை வைத்ததும்
கீழ் விளிம்பைக் குனிந்து பார்த்தேன்.
"என்ன நாகவேணி, லைன் நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.
நாலு விநாடி.
அன்று முழுக்க அப்படியே
நாலு நாலு விநாடி.

அண்டாவைப்
புளி போட்டு மூன்று தடவை தேய்த்தாயிற்று.
பசை வாசம் போகவில்லை.
புது அண்டா இரண்டாயிரத்து நூறாம்.
பதினெட்டில் இரண்டைக் கழித்துக்கொண்டு
ஷமீம் வீட்டு வாசலில் நிற்கிறேன்.