சொந்தச் செலவில்

கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை எனக்கு.
திங்கள்கிழமை மனு நாள்.
பக்கம் இரண்டு ரூபாய், முன்னும் பின்னும் மூன்று.

டெல்லியிலிருந்து வந்த கடிதத்தை
முதலில் படித்துச் சொன்னவன் நான்தான்.
நீட்டியவர் பேச்சிப்பிரியாவின் அப்பா,
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்,
காலரில் ஒரு மல்லிகைக் காம்பு.

காது கேளாதோர் உலகப் போட்டி.
சங்கிலிக்குண்டு எறிதல்.
நாட்டின் அணியில் உங்கள் மகளுக்கு இடம்.
அதுவரை சத்தமாகத்தான் படித்தேன்.
அடுத்த பத்தியில் குரல் இறங்கிவிட்டது.
விமானம், தங்கல், சாப்பாடு, கோட்டு
எல்லாம் சேர்த்து
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
பதினோரு நாளுக்குள்.
தவறினால் இடம் அடுத்தவருக்கு.

"கோட்டும் உண்டா?" என்றார் அவர்.
உண்டு. நெஞ்சில் கொடி தைத்தது.
ஏழாயிரத்து ஐந்நூறு.

சொந்தச் செலவில் சூனியம் என்று
சும்மா சொல்வோமே,
சொந்தச் செலவில் தேசம்
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதினேழு நகல்.
எம்எல்ஏவுக்கு, எம்பிக்கு,
விளையாட்டு ஆணையத்துக்கு, ஒரு நூற்பாலைக்கு,
இரண்டு நகைக்கடைக்கு, மிச்சம் யார் யாருக்கோ.
அந்த விளையாட்டு பட்டியல்லயே இல்லையே.
பட்டியல்ல இருக்கு, நிதியாண்டு முடிஞ்சிருச்சே.
ஜெயிச்சுட்டு வரச் சொல்லுங்க, பார்ப்போம்.

பெயரில் பேச்சி, விரலில்தான் பேச்சு.
கடை வாசலில் காத்திருந்தபோது
எனக்கு விளக்கினாள்:
நாலு சுற்று.
நாலாவதில் கையை விட்டுவிட வேண்டும்.
விடாமல் ஐந்தாவது சுற்றினால்
குண்டு நம்மை எறிந்துவிடும்.

அவள் மனு அன்றைக்கு
ஒன்பதாவது மேசையில் இருந்தது.

பணம் எப்படி வந்தது என்றால்
எப்படி எப்படியோ வந்தது.
அம்மாவின் கழுத்துச் சங்கிலி
தெற்காவணி மூல வீதியில் போய் உட்கார்ந்தது.
முகூர்த்த நாள், மல்லிகை கிலோ மூவாயிரம்;
கமிஷன் கடைக்காரர்கள்
மூட்டைக்கு இருபது எடுத்து வைத்தார்கள்.
வட்டிக்காரர் பத்தை எட்டாக்கினார்,
"நாட்டுக்குன்னு கேக்குறீங்க" என்று.
அவளைப் போலவே காது கேளாத
ஒரு பெயின்டர், இரண்டு தையல்காரர்கள், ஒரு பரோட்டா மாஸ்டர்
செல்லில் ஐம்பதும் நூறுமாய் அனுப்பினார்கள்.
நான் நகலுக்குக் காசு வாங்கவில்லை.
முப்பத்து நாலு ரூபாய்.
பெரிசில்லை, கணக்கு என்றால் எல்லாம் வர வேண்டுமே.

ஆறாவது இடம்.
நாற்பத்தொன்பது மீட்டர், கொஞ்சம் சில்லறை.

ராத்திரி விமானம். பெருங்குடியில் வெளிவாசல்.
அவர்கள் கைதட்டுவது வேறு மாதிரி:
இரண்டு கையும் தலைக்கு மேலே போகும்,
விரல்கள் விரிந்து காற்றில் உதறும்.
பதினாலு பேர் அப்படி நின்றோம்.
கோட்டு ஒரு சைஸ் பெரிசு; மடித்துவிட்ட கையோடு
அவள் எங்களைப் பார்த்து நின்றாள்.
சத்தமே இல்லாத அந்த ஆரவாரத்துக்கு
மூன்று ஆட்டோ வந்து நின்றது.
"எங்கண்ணே போகணும்?"

நாலு மாதம் கழித்துப் பாராட்டு விழா.
மேடையில் தூக்கிக் காட்டும் காசோலைக்கு
ஆர்டர் என் கடைக்கே வந்தது.
ஆறடிக்கு மூன்றடி. ஐம்பதாயிரம்.
பிழை வரக் கூடாதென்று
சுழியை ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
இதற்கு மட்டும் காசு வாங்கினேன், முன்பணமாக.
அசல் பின்னால் வரும் என்றார்கள்.

வட்டி மாதாமாதம் சரியாக வருகிறது.

போன திங்கள் வந்தாள், தனியாக.
கையில் அதே மாதிரிக் கடிதம்.
இந்த முறை இரண்டு லட்சத்து எண்பது.
மெஷினைப் போட்டுவிட்டு
எத்தனை நகல் என்று
விரலால் கேட்டேன்,
பழைய பதினேழை நினைத்துக்கொண்டு.

நாலு விரல் காட்டினாள்.