கழிவு

பந்தலூர் கூட்டுறவுச் சங்க மாடியில்
நாங்கள் பதினோரு பேர், கணினி ஆறு.
வருகைப்பதிவு இயந்திரம் மட்டும்
யோகமலரை ஏற்கவே இல்லை.
கட்டைவிரலை ஊதி,
சேலையில் தேய்த்து மறுபடி வைத்தாள்.
'மீண்டும் முயலவும்.'
கொழுந்து கிள்ளிக் கிள்ளி
ரேகை தேய்ந்த விரல்.

கீபோர்டு அப்படியெல்லாம் பார்க்கவில்லை.
தட்டினால் எழுத்து விழுந்தது.

மூன்றாம் வாரம் எக்செல்.
பழகிப் பார்க்க மேடம் தந்தது
மாம்பழக் கடை விற்பனைக் கணக்கு.
இவள் பையிலிருந்து எடுத்தது
ரப்பர் பேண்டு போட்ட எடைச்சீட்டுகள்,
போன தை முதல்.
ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு,
நாளுக்கு இரண்டு கிலோ, சில நாள் மூன்று.
ஒவ்வொன்றாய்க் கட்டத்தில் இட்டாள்.
பாதியில் கரண்டு போனது. சேமிக்கவில்லை.
மறுநாள் முதலிலிருந்து.

ஜன்னலில் மஞ்சு ஏறி இறங்கியது.
கடைசிக் கட்டத்தில் வந்து நின்றது
ஐந்நூற்றுப் பதினெட்டு கிலோ.

தவமணி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.
"என் சீட்டு வீட்ல இருக்கு,
நாளைக்குக் கொண்டாரேன்."
என்னுடையதெல்லாம்
அடுப்பு பற்றவைக்கப் போயிருந்தது.

பிரிண்டரில் மை இல்லையாம்.
யோகமலர் திரையைப் பார்த்து
நோட்டில் எழுதிக்கொண்டாள்,
பேனாவை அழுத்தி,
அடுத்த பக்கத்திலும் பதியும்படி.