முத்திரை

பதினேழு வருஷம் நான் பார்த்த வேலைக்கு
கொருக்குப்பேட்டையில் பெயர் கிடையாது.
வீட்டில் பொதுவாக 'லேப்' என்பார்கள்.
பெண் பார்க்கப் போன அன்று
'குதிரை டாக்டருக்கு அசிஸ்டென்ட்' என்றார் அண்ணன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.

பீச் ஸ்டேஷனில் வண்டி மாறி கிண்டியில் இறங்கினால்
என் கையில் ஒரு நீளக் கம்பு,
நுனியில் ஒரு கிண்ணம்.
ஜெயித்து வந்த குதிரையின் வயிற்றுக்கடியில் அதை நீட்டி
விசில் அடிக்க வேண்டும்.
மெட்டெல்லாம் இல்லை. மெல்ல, நீளமாக.
கைக்குழந்தையை ஒன்றுக்குப் போகவைக்க
'ஸ்ஸ்ஸ்' என்பார்களே,
அதன் அண்ணன்.

வெளியே ஜனம் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருக்கும்.
உள்ளே, நுரைத்த வேர்வையோடு ஒரு மிருகம்
நான் கேட்டதை யோசித்துக்கொண்டிருக்கும்.
சில நாள் பத்து நிமிஷம்.
சில நாள் இருட்டிவிடும்.

வந்ததும் இரண்டு புட்டி.
ஒன்று சோதனைக்கு, ஒன்று சந்தேகத்துக்கு.
மூடி, நூல், அரக்கு, எண், கையெழுத்து.
மூத்திரத்துக்கு முத்திரை.
எங்கள் தெருவில் குடிதண்ணீருக்குக்கூட
அவ்வளவு கவனம் யாரும் எடுத்ததில்லை.

மெரூன் லெட்டர் என்று ஒரு குதிரை.
பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை சாக்ஸ்,
கடன் கொடுத்தவன் மாதிரி பார்க்கும் கண்.
அது ஜெயித்த அன்று, விசிலடித்த மூன்றாம் நொடி
கிண்ணம் நிறைந்தது.
நல்ல பிள்ளை என்றேன்.

பத்தொன்பதாம் நாள் தாள் வந்தது:
வலிமருந்து இருக்கிறது.
விசாரணை. டை கட்டியவர்கள் உள்ளே போனார்கள்,
டை கட்டியவர்கள் வெளியே வந்தார்கள்.
கார்டு பறிபோனது
குதிரை பார்த்துக்கொண்ட எத்திராஜுக்கு.
இடுப்புவலிக்கு ஸ்டான்லியில் எழுதிய மாத்திரை;
ராத்திரி லாயத்து வைக்கோலிலேயே ஒன்றுக்கிருந்தார்;
அந்த வைக்கோலைக் குதிரை தின்றது.
அப்படித்தான் தீர்ப்பில் இருந்தது.
நிஜமாகவும் இருக்கலாம்.
என் புட்டி பொய் சொல்லவில்லை,
என்ன என்று சொல்லும், யார் என்று சொல்லாது.
பையை மடித்துக்கொண்டு கிளம்பும்போது எத்திராஜ்
ஒன்றே ஒன்று கேட்டார்:
'அப்போ நீ புடிச்சி சீல் வச்சது
என் மூத்திரமாப்பா?'

நேற்று ராத்திரி, மூலக்கொத்தளம் தாண்டி
பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கல்யாண ஊர்வலம்.
ஜெனரேட்டர் வண்டி, பேண்டு, சீரியல் லைட்,
ஜிகினா போர்த்திய குதிரைமேல்
கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை.
ஒரு பின்னங்கால் மட்டும் வெள்ளை.

முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கி
தேங்காய்மூடி கவிழ்த்த மாதிரி.
ஆனால் நொண்டவில்லை.
நொண்டவேண்டிய கால் நொண்டாததுதான்
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

குதிரைக்காரர் கௌஸிடம் கேட்டேன்.
ஒளிக்கவில்லை அவர்.
'ஏழு மணிக்கு ஒரு ஊசி பாய்.
பத்தரை வரைக்கும் தாங்கும்.
போடலைன்னா அதுக்குத்தானே கஷ்டம்?'
மருந்தின் பேரையும் சொன்னார்.
எனக்குத் தெரிந்த பேர்தான்.
தாளில் டைப் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

பேண்டு சட்டென்று நின்றது,
ட்ரம்பெட்காரர் வெற்றிலை துப்ப.
அந்த நிசப்தத்தில் என் உதடு
என்னைக் கேட்காமல் குவிந்தது.

மெல்ல. நீளமாக.

ஒரு காது திரும்பியது.
பிறகு பின்கால்கள் அகன்றன.
எம்.சி. ரோட்டில், ஐந்து வருஷம் கழித்து,
ஜரிகை ஓரம் நனைய,
மாப்பிள்ளை 'ஏய், ஏய்' என்று கத்த,
பொடிசுகள் கைதட்ட,
மெரூன் லெட்டர் எனக்காகப் பெய்தது.

கையில் கிண்ணமில்லை.
பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொள்ள
சரிவில் இறங்கி, அரக்கில்லாமல் எண்ணில்லாமல்
மூடி உடைந்த சாக்கடைக்குள் போனது.

கௌஸ் என்னை முறைத்தார்.
பேண்டு மறுபடி எடுத்தது.
குதிரை நடந்தது, அழகாகவே நடந்தது.
செல்போனில் மணி பார்த்தேன்.
ஒன்பதே முக்கால்.
இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது
அதன் கால்களில்.