படிகள் இல்லாத இடம்

துர்க்கு நகரில் ஜனவரி. மணி நாலு,
வெளியே முழு இருட்டு.
உள்ளே நான் உண்டாக்கிய இருட்டு வேறு:
சிவப்பு விளக்கு, ரசாயனத் தொட்டி,
மூன்று நாள் உறைபெட்டியில் கிடந்த எக்ஸ்ரே படலம்.
ஆட்ட ஆட்ட ஏணி எழுகிறது.
கறுப்புப் படி, கறுப்புப் படி, கறுப்புப் படி.
எட்டாவது பத்தியில்
நடுவே படிகளைக் காணோம்.

"கெட்டுப்போச்சு" என்றேன்.
சொட்டச் சொட்டப் பிடுங்கி
விளக்குக்கு நேரே தூக்கினாள் சிர்க்கா.
"கெடவில்லை வெய்க்கோ.
அங்கேதான் அது உட்கார்ந்திருக்கிறது."

கண்ட இடத்தில் கடிக்கும் நொதியை
டி.என்.ஏ. மேல் ஊற்றியிருந்தோம்.
எல்லாவற்றையும் கடித்தது,
புரதம் கவிந்துகிடந்த
இருபத்துச் சொச்சம் எழுத்துகளைத் தவிர.
மழை விட்டபின் கார் கிளம்பிப் போனால்
அடியில் உலர்ந்த தரை தெரியுமே, அப்படி.

வைரஸின் பெயர் மியூ.
பாக்டீரியாவுக்குள் புகுந்துவிட்டால்
இருந்த இடத்தில் இருக்காது.
தன்னைப் படியெடுத்து
அடுத்த இடம், அதற்கடுத்த இடம்.
அதைத் தூக்கிச் செல்லும் புரதத்தில்
இரண்டு மடிப்புகள் வைரஸின் ஓரத்தைத் தேடி
பள்ளத்துக்குள் விரல் நுழைக்கும்.
இன்னொரு மடிப்பு
உள்ளே எங்கோ ஓரிடத்தைத் தொட்டுப் பார்க்கும்,
சாவி இருக்கிறதா என்று
சட்டைப் பையைத் தட்டுவதுபோல.
வெட்டுவது நடுமடிப்பு:
மூன்று அமிலங்கள், அவற்றுக்கிடையே உலோகம்.
தனியாளாக வெட்டாது.
நாலு பேர் கூட வேண்டும்,
இரண்டு ஓரங்களும் ஒன்றாய் வளைந்து வர வேண்டும்.

சிர்க்கா கேட்டது ஒன்றே ஒன்று:
இடது ஓரத்தைப் பிடித்தவன்
எந்த ஓரத்தை வெட்டுகிறான்?
ஒரு குளிர்காலம் முழுக்க
பிடிக்கத் தெரியாததையும் வெட்டத் தெரியாததையும் கலந்து
குழாய் குழாயாக ஊற்றினோம்.
வலது ஓரத்தை.
இங்கே பிடித்தவன் அங்கே வெட்டுகிறான்.
அன்று அவள் காபிக்கு உப்புப் போட்டுக் குடித்தாள்,
கவனிக்கவுமில்லை.

அவுரா ஆற்றைக் கடக்க ஃபோரி இருக்கிறது.
காசு வாங்காத படகு.
ஆற்றடியில் கிடக்கும் இரட்டைச் சங்கிலியைப் பற்றி
போகும், வரும்; வேறெங்கும் போகாது.
அன்றிரவு பனிக்கட்டி விலாவில் உரச,
நான் ஒருவன்தான் பயணி.
அக்கரையில் என் வீட்டுக் கதவு.
அஞ்சல் துளைக்கு மேலே என் பெயர்ப் பலகை.
அதன்மேல், இர்மெலி கழற்றிப் போன பலகையின் அளவுக்கு
வெளுக்காத பச்சை வண்ணம்.
ஆணித்துளை இரண்டு.
வண்ணம் அடிக்கச் சொல்லிக் காவலாளி
இரண்டு முறை சீட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சிர்க்கா கடுப்பில் இருந்தாள்.
யாரோ ஒரு குழாயில்
மெக்னீசியத்துக்குப் பதில் கால்சியம் ஊற்றியிருக்கிறார்கள்.
நான்தான்.
படலத்தை நீட்டினாள்.
நாலு பேரும் கூடியிருந்தார்கள்.
ஓரங்கள் வளைந்து சேர்ந்திருந்தன.
பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.
வெட்டு மட்டும் விழவில்லை.

"இதை வீசிவிடாதே" என்றேன்.
மூலையில் தேதி எழுதினேன்.