பத்தை நாலால் வகுத்தால்

செவ்வாய்க்கிழமை என்றால்
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
யாரும் சாப்பிட முடியாது.
அன்று அது கடை.

சர்க்கரை பத்துக் கிலோ, ஒரே கட்டு.
எண்ணெய் பன்னிரண்டு புட்டி.
மாத்தே இலை ஆறு பொட்டலம்.
தக்காளிச் சாறு இருபத்து நாலு டப்பா,
அதில் ஒன்று எப்போதும் நசுங்கியிருக்கும்.
மொத்தமாக எடுத்தால்தான் அந்த விலை.
ஒற்றைக்கு வேறு விலை.
நாளைக்கு இன்னொரு விலை.
விலைச்சீட்டின் மேல் விலைச்சீட்டு ஒட்டி ஒட்டி
அலமாரி விளிம்பே தடித்துப்போய்விட்டது
ரொசாரியோவில்.
இங்கே பணம் பாலைப் போல,
வெளியே வைத்தால் மாலைக்குள் திரிந்துவிடும்.
சேமிப்பது என்றால்
சீக்கிரம் செலவழிப்பது.

நாலு வீடு கூட்டு.
ஸுலேமா, அதாவது நான்,
பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.
எதிர்வீட்டு அயெலென், இரட்டைப் பிள்ளைக்காரி.
மேல்மாடி ஹசின்தோ, டாக்சி.
அதற்கும் மேலே டெல்ஃபோர்,
ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், தனியாள்.

அவருடைய ஓய்வூதிய அட்டையைக் காட்டினால்
செவ்வாயன்று நூற்றுக்குப் பத்து கழிவு.
அவ்வளவுதான் அவர் வேலை.
டாக்சியின் முன்னிருக்கையில் வருவது,
கல்லாவில் அட்டையை நீட்டுவது,
திரும்பும்போது மடியில் முட்டைத் தட்டு.
வேகத்தடை வந்தால்
தட்டை அந்தரத்தில் தூக்கிக்கொள்வார்.
முப்பதும் முப்பதாகவே வீடு வரும்.

சண்டை வராமலா?
பத்தை நாலால் வகுத்தால் இரண்டு மிச்சம்.
பிள்ளை இருக்கிற வீடு என்பாள் அயெலென்.
பெட்ரோல் யார் போட்டது என்பார் ஹசின்தோ.
மேசை யாருடையது என்பேன் நான்.
ஒருமுறை ஒரு பாஸ்தா பொட்டலத்துக்காக
எட்டு நாள் பேச்சு இல்லை;
படியில் எதிர்ப்பட்டால்
ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

டெல்ஃபோர் எதுவும் கேட்டதில்லை.
பங்கில் ஒரு கிலோ குறைத்தே எடுப்பார்,
பணம் மட்டும் முழுசாக.
தனியாளுக்கு எதற்கு, என்பார்.
நோட்டில் நான் அதை எழுதவில்லை.
பெயர், பொருள், தொகை,
மூன்றே கட்டம்தான் அதில்.

உள்ளுக்குள் எங்களுக்கு ஓர் எண்ணம்,
அந்த மனுஷனை நாங்கள்தான் தாங்குகிறோம் என்று.

மார்ச்சில் மகள் வந்து
கோர்தோபாவுக்குக் கூட்டிப்போனாள்.
முழங்கால். மூன்று மாடி. லிப்ட் கிடையாது.
போகிற அன்று சாவியை என்னிடம் கொடுத்தார்,
கூடவே பாதி உப்புப் பொட்டலம்,
வாய் மடித்து, கிளிப் போட்டு.

அடுத்த செவ்வாய்
கல்லாக்காரப் பெண் கேட்டாள்:
அட்டை?
பின்னால் வரிசை இருமியது.
முழு விலை கொடுத்தோம்.
ஹசின்தோ ரசீதை டாக்சி விளக்கில் பிடித்து
மேலிருந்து கீழும்
கீழிருந்து மேலும் படித்தார்.
முட்டை டிக்கியில் வந்தது.
ஒன்பது உடைந்திருந்தன.

மேசையில் பங்கு போட்டோம்.
எண்ணெய், தலைக்கு நாலு.
இலை, தலைக்கு இரண்டு, பொட்டலத்தை
பாதியாய்க் கிழிக்கிற வேலை இல்லை.
தக்காளி எட்டெட்டு.
கணக்கு இத்தனை சுத்தமாக வந்ததே கிடையாது.
அப்புறம் தொகையைக் கூட்டினேன்.
அயெலென் பர்ஸைத் திறந்து, எண்ணி, மூடி,
இரண்டு எண்ணெய்ப் புட்டிகளை
மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.
அடுத்த மாதம் எடுத்துக்கிறேன்.
அடுத்த மாதம் என்ன விலை என்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சர்க்கரையில் மட்டும் ஒரு கிலோ மிச்சம்.
பிள்ளை இருக்கிற வீடு வாய் திறக்கவில்லை.
பெட்ரோலும் திறக்கவில்லை.
மேசை என்னுடையதுதான்,
அதனால் அது அங்கேயே கிடந்தது,
நசுங்கிய டப்பாவுக்குப் பக்கத்தில்.

எதிர்க் கட்டடத்தில் எர்மெலிந்தா என்று ஒரு அம்மாள்,
தபால் ஆபீசில் இருந்தவர், அட்டை வைத்திருக்கிறார்,
விசாரித்துவிட்டேன், என்றார் ஹசின்தோ
யார் முகத்தையும் பார்க்காமல்.

கொஞ்ச நேரம் கழித்து அயெலென் கேட்டாள்:
முட்டை பிடிக்கத் தெரியுமா அவருக்கு?